காணாமல் போனவர்கள் கடைசிவரை கிடைக்காத மர்ம நாவல் ஏதாவது படித்திருக்கிறீர்களா? ஏமாற்றமாக இல்லையா?

படித்திருக்கிறேன். முதல் தடவை ஏமாற்றம் மட்டுமல்ல, கோபமே வந்தது.

மாத நாவல்களில் ஊறி வளர்ந்தவன் நான். கடைசி அத்தியாயத்தில் இன்ஸ்பெக்டர் எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து, 'நீங்கள்தான் கொலையாளி' என்று ஒருவரைக் கைகாட்ட வேண்டும். அப்போதுதான் எனக்குக் கொடுத்த காசு செரிக்கும். அப்படிப்பட்டவன் கையில் பழைய புத்தகக் கடையில் சிக்கியது 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்'. ஆஸ்திரேலிய எழுத்தாளர் ஜோன் லிண்ட்சே எழுதி 1967இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு எழுபது வயது. (கதையை முக்கால்வாசி சொல்லப் போகிறேன். படிக்கும் எண்ணம் இருந்தால் இங்கேயே நிறுத்திவிடுங்கள்.)

1900 பிப்ரவரி 14, காதலர் தினம். மெல்போர்னுக்கு வடமேற்கே உட்எண்ட் என்ற சிற்றூர். அதன் பக்கத்தில் பணக்கார வீட்டுப் பெண்கள் தங்கிப் படிக்கும் பள்ளி. அங்கிருந்து ஹேங்கிங் ராக் பாறைக்கு மாணவிகள் உல்லாசப் பயணம் போகிறார்கள். பாறை நிஜமானது, எரிமலைக் குழம்பு இறுகி உண்டானது. பள்ளி கற்பனை. நண்பகலில் கடிகாரங்கள் நின்றுபோகின்றன. நான்கு பெண்கள் பாறைமேல் ஏறுகிறார்கள். ஒருத்தி அலறிக்கொண்டு ஓடிவருகிறாள். மற்ற மூவரையும் காணோம். கணக்கு டீச்சரையும் காணோம். அவ்வளவு கண்டிப்பான அந்தம்மா பாவாடையில்லாமல் உள்ளாடையோடு மேலே ஏறிப் போனதைப் பார்த்ததாகத் திரும்பி வந்தவள் சொல்கிறாள்.

ஒரு வாரம் கழித்து இர்மா என்ற பெண் மட்டும் உயிரோடு கிடைக்கிறாள். கைகளில் கீறல்கள், ஆனால் வெறுங்கால்கள் சுத்தமாக இருக்கின்றன. எதுவும் நினைவில்லை. அவள் போட்டிருந்த கோர்செட்டை, அதாவது இடுப்பை இறுக்கிக் கட்டும் உள்ளாடையைக் காணோம். அதைக் கவனித்தவர்கள் கூச்சப்பட்டு வெளியே சொல்லவில்லை, எனவே போலீஸ் காதுக்கு அது போகவே இல்லை. முக்கியமான தடயம் ஒன்று வெட்கத்தால் தொலைகிறது. இதைப் படித்ததும் 'ஆஹா, இங்கேதான் முடிச்சு' என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த முடிச்சு அப்படியே இருக்க, புத்தகம் முடிந்துவிட்டது.

நிஜமாகவே நடந்த கதையோ என்றும் தேடினேன். முன்னுரையில் லிண்ட்சே, இது உண்மையா கற்பனையா என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளட்டும் என்று நழுவியிருக்கிறார். நாவலில் அந்த நாள் சனிக்கிழமை. காலண்டரைப் புரட்டினால் 1900 பிப்ரவரி 14 புதன்கிழமை! கிழவி நம்மோடு விளையாடியிருக்கிறார். ஆனாலும் அதை உண்மை என்று நம்பியவர்கள் ஏராளம். இன்றும் அங்கே போகிறவர்கள் 'மிராண்டா!' என்று காணாமல் போன பெண்ணின் பெயரைக் கூவிப் பார்க்கிறார்கள்.

விடை இல்லாமலும் இல்லை. 18ஆம் அத்தியாயம் ஒன்று எழுதப்பட்டிருந்தது. பதிப்பகத்தார் யோசனை சொல்ல, அச்சுக்குப் போகும் முன் அதை எடுத்துவிட்டார்கள். லிண்ட்சே 1984இல் இறந்த பிறகு, 1987இல் அது தனியாக வெளிவந்தது. தேடிப் படித்தேன். வீசியெறிந்த கோர்செட்டுகள் கீழே விழாமல் அந்தரத்தில் நிற்கின்றன, காலமே உறைந்துவிடுகிறது, அப்புறம் இன்னும் விநோதமாகப் போகிறது. படித்து முடித்ததும் 'இதற்குத்தானா இவ்வளவு தவித்தேன்' என்று ஆகிவிட்டது. வெட்டச் சொன்னவர் கைக்குத் தங்கக் காப்பே போடலாம்.

அதற்குப் பிறகுதான் நாவலை இரண்டாம் முறை படித்தேன். நாவலுக்குள் விடை கிடைக்காது என்று தெரிந்துவிட்டதால், பாறையை விட்டுவிட்டு மிச்சமிருக்கிற மனிதர்களைப் பார்க்க முடிந்தது. பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள், வேலைக்காரர்கள் விலகுகிறார்கள், தலைமையாசிரியை குடியில் இறங்குகிறார். ஒரு காட்சியை மறக்கவே முடியாது. உடம்பு தேறிய இர்மா, ஊரைவிட்டுப் போகும் முன் சிவப்பு மேலங்கி அணிந்து தோழிகளிடம் விடைபெற வருகிறாள். உடற்பயிற்சிக் கூடத்தில் முதலில் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஒருத்தி கேட்கிறாள், எல்லோரும் சூழ்ந்துகொள்கிறார்கள். சொல்லு, என்ன ஆச்சு, அவர்கள் எங்கே, சொல்லு! கூடப் படித்தவளைக் கிழித்துவிடுவது போல நெருக்குகிறார்கள். அவளுக்கோ நிஜமாகவே எதுவும் தெரியாது. முதல் வாசிப்பில் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாகத்தான் நின்றிருக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு என்னுடைய உண்மையான பதில் இன்னொன்று. இந்த நாவலில் அவிழும் மர்மம் ஒன்று இருக்கிறது, அது வாசகருக்கு மட்டும் அவிழ்கிறது. சாரா என்று ஓர் அநாதைப் பெண். பாடம் ஒப்பிக்கவில்லை என்று அவளைப் பிக்னிக்குக்கே கூட்டிப்போகவில்லை. அநாதை இல்லத்தில் பிரிந்துபோன அண்ணனைப் பற்றி அவள் பேசுகிறாள். சில மைல் தள்ளி ஒரு பங்களாவில் குதிரைக்காரன் ஆல்பர்ட், அநாதை இல்லத்தில் விட்டுவந்த, பான்ஸிப் பூ பிடித்த தங்கையைப் பற்றிச் சொல்கிறான். இரண்டையும் முடிச்சுப் போட யாரும் இல்லை.

சாராவுக்குப் பணம் கட்ட ஆளில்லை, திரும்ப அநாதை இல்லத்துக்கே அனுப்பிவிடுவேன் என்று தலைமையாசிரியை மிரட்டுகிறார். ஏறக்குறைய அதே நாட்களில், இர்மாவைக் கண்டுபிடித்ததற்காக அவளுடைய அப்பா ஆல்பர்ட்டுக்கு ஆயிரம் பவுண்டு காசோலை அனுப்புகிறார். சாரா இறக்கும் இரவில் ஆல்பர்ட்டின் கனவில் தங்கை வருகிறாள். அறை முழுக்கப் பான்ஸி வாசம். காலையில் அதை வேடிக்கையான கனவாக நண்பனிடம் சொல்லிவிட்டு, வேறு ஊருக்குக் கிளம்பும் வேலையைப் பார்க்கிறான்.