பழைய காரில் தண்ணீர் குறைகிறது, தரையில் சொட்டு இல்லை, எஞ்சினும் சூடாகிறது. ஹெட் கேஸ்கட்தானா?

நீங்கள் எழுதியிருப்பது இது: பழைய பெட்ரோல் கார், நூறு கிலோமீட்டர் ஓடினால் ரேடியேட்டரில் அரை லிட்டர் குறைகிறது, நிறுத்திய இடத்தில் ஈரமே இல்லை, நெரிசலில் சூட்டைக் காட்டும் முள் சிவப்பைத் தொடுகிறது, மெக்கானிக் ஹெட்டை இறக்க வேண்டும் என்கிறார்.

ஹெட் கேஸ்கட்டாக, அதாவது எஞ்சின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடாக, இருக்கலாம்தான். ஆனால் ஒரு சோதனைகூடச் செய்யாமல் ஹெட்டில் கைவைக்கச் சம்மதிக்காதீர்கள். எங்கள் வண்டிக்கும் முதலில் இதே தீர்ப்புதான் வந்தது.

அது 1986 அம்பாசடர், மார்க் 4, ஐயா வாங்கியது. பள்ளத்தூர் வீட்டுக் கொட்டகையில் வருஷத்தில் பதினோரு மாதம் போர்வை போர்த்திக்கொண்டு நிற்கும். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு நடக்கிறவர்களுக்குப் பின்னால் சாமான் ஏற்றிக்கொண்டு போவதுதான் அதற்கு உள்ள பெரிய வேலை. ஒரு வருஷம் நத்தம் போய்ச் சேர்வதற்குள் இரண்டு முறை கொதித்துவிட்டது. வழியில் ஒரு பட்டறையில் மெக்கானிக் பானெட்டைத் திறந்தார், மூடியைப் பார்த்தார், "கேஸ்கட் போயிருச்சு தம்பி, இறக்கிடலாம்" என்றார். அவ்வளவுதான் சோதனை. சாமானை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, இரவில் மெதுவாக ஊருக்கு ஓட்டி வந்தோம்.

நான் செய்த தப்பு, சூடாவதையும் தண்ணீர் குறைவதையும் ஒரே நோய் என்று நினைத்தது. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

சூடு எப்போது ஏறுகிறது? நெரிசலில், ஊர்ந்து போகும்போது மட்டும் ஏறி, ஓட்டம் எடுத்ததும் இறங்கினால் காற்று போதவில்லை. மின்விசிறி உள்ள வண்டியில் மோட்டார், ஃபியூஸ், சூட்டுக்கு இயங்கும் சுவிட்ச் மூன்றையும் பாருங்கள். எங்கள் அம்பாசடரில் விசிறி வாட்டர் பம்ப் தண்டிலேயே இருக்கிறது, இரண்டையும் சுற்றுவது ஒரே பெல்ட். அது தளர்ந்தால் காற்றும் குறையும், தண்ணீர் ஓட்டமும் குறையும். நடக்கிறவர்களின் வேகத்தில் நாள் முழுக்க ஊர்ந்த வண்டிக்கு அது போதாதா? மாறாக, நெடுஞ்சாலை வேகத்தில் ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், அல்லது ரேடியேட்டரின் கீழ் ஹோஸ், அந்த ரப்பர் குழாய், பம்ப் இழுக்கும் இழுப்பில் ஒட்டிப்போகலாம். நன்றாகச் சூடான எஞ்சினில் மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் ஜில்லென்று இருந்தால் ரேடியேட்டரில் அடைப்பு இருக்கலாம், அல்லது தெர்மோஸ்டாட், அதாவது சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு, சரியாகத் திறக்காமல் இருக்கலாம்.

அடுத்து, தண்ணீர் எங்கே போகிறது? அதற்கும் முன்னால், உண்மையிலேயே போகிறதா? உபரி பாட்டில் இல்லாத பழைய வண்டியில் கழுத்துவரை நிரப்பினால், சூட்டில் விரிந்த தண்ணீர் வழிந்தோடும் குழாய் வழியே ரோட்டில் போய்விடும். கழுத்துக்கு ஓர் அங்குலம் கீழே வந்ததும் நின்றுவிடும். மறுநாள் காலையில் நாம் பார்த்து, "குறைந்துவிட்டது" என்று மறுபடி நிரப்புவோம். சில நாள் ஊற்றாமல் விட்டு, அளவு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அரை லிட்டர் குறைந்துகொண்டே போனால் அது நிஜமான ஒழுக்குத்தான்.

ரேடியேட்டர் மூடியை யாரும் மதிப்பதில்லை. அது வெறும் மூடி இல்லை, அழுத்த வால்வு. எங்கள் வண்டியில் 7 பவுண்டு (சதுர அங்குலத்துக்கு) மூடி. அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, ஏறக்குறைய 111-ல்தான் கொதிக்கும். அதன் ரப்பர் வெடித்திருந்தால் அந்தப் பதினொரு டிகிரியும் போச்சு. புதிது விலை மலிவு, மாற்றிவிட்டு மற்றதைத் தேடுங்கள். சூடாக இருக்கும்போது மட்டும் திறக்காதீர்கள், முகம் வெந்துவிடும்.

இனி முக்கியமான சோதனை. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் கழுத்தில் அழுத்தம் காட்டும் முள் உள்ள கைப்பம்பை மாட்டி, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தம் ஏற்றிக் கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். காரைக்குடியில் ஒரு பட்டறையில் அந்தக் கருவி இருந்தது. முள் மெதுவாக இறங்கியது, ஆனால் எங்கும் சொட்டு இல்லை. வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், சீல் போனால் அதன் வழியாகத்தான் கசியும். அது காய்ந்திருந்தது. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துத் தேடியதில் எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் வெள்ளையும் துருவுமாக ஒரு கோடு தெரிந்தது. அங்கே பிளாக்கின் ஓட்டையை அடைத்து அடித்திருக்கும் வட்டத் தகட்டை, வெல்ஷ் பிளக் என்பார்கள், துரு உள்ளேயிருந்து தின்றிருந்தது. கசிந்த தண்ணீர் சூடான இரும்பிலேயே ஆவியாகிவிடும், தரைக்கு வராது. உப்பு மட்டும் தடம் விட்டிருந்தது. பிளக்கையும் பெல்ட்டையும் மாற்றினோம். ஹெட்டை யாரும் தொடவில்லை.

உங்களுடையது கேஸ்கட்தான் என்றால் அதற்கான தடயம் வேறு. காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிஷத்துக்குள் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுவது, ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருவது, சூடான பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காதது, ஆயில் பால் காப்பி நிறத்துக்குத் திரிவது. அப்புறம் ஒரு நீல நிறத் திரவச் சோதனை உண்டு: ரேடியேட்டர் கழுத்துக் காற்றை அதன் வழியே இழுத்தால், எரிந்த வாயு கலந்திருக்கும்பட்சத்தில் நீலம் மஞ்சளாகும். இது மஞ்சளானால் ஹெட்டை இறக்குங்கள், நானே சொல்கிறேன்.

பிளக் ஏன் துருப்பிடித்தது? வருஷக்கணக்காக ஊற்றியது போர் தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. அதனால்தான் அப்பத்தா வளவில், வீட்டு நடு முற்றத்தில், விழும் மழைத் தண்ணீரை அண்டாவில் பிடித்துச் சமையலுக்கு வைப்பார். "பருப்பே வேகாத தண்ணியை அதுக்கு ஊத்துறியே" என்று என்னைத் திட்டியும் இருக்கிறார். பாதி சரி. உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்களில் சுண்ணாம்பாகப் படியும், ஆனால் மழைத் தண்ணீரை மட்டும் ஊற்றினாலும் இரும்பு துருப்பிடிக்கும். துருத் தடுப்பு, ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலண்ட் திரவத்தில்தான் இருக்கிறது. பனி கொட்டும் ஊர்க்காரர்களுக்கு அது உறையாமல் இருக்க வேண்டும், நமக்குத் துரு வராமல் இருந்தால் சரி. பாதி கூலண்ட், பாதி டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள், இரண்டு வகைக் கூலண்டைக் கலக்காதீர்கள். வடித்த பழையதைத் தெருவில் ஊற்றாதீர்கள், இனிப்பாக இருப்பதால் நாய் நக்கும், அது விஷம்.

"நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்குங்க" என்று தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிடுகிறார்களே, அதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். சில எஞ்சின்களில் அது இல்லையென்றால் தண்ணீர் குறுக்குவழியில் ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும், சூடு இன்னும் ஏறும். சந்தேகமிருந்தால் அதைச் சட்டித் தண்ணீரில் போட்டுக் காய்ச்சுங்கள். மேலே பொறித்திருக்கும் வெப்பநிலையை ஒட்டித் திறந்தால் நல்லதுதான்.

இனி ஒருமுறை கொதித்தால் எஞ்சினை நிறுத்திவிட்டு அரை மணி நேரமாவது விடுங்கள், பச்சைத் தண்ணீரை உடனே ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். தண்ணீர் ரொம்பக் குறைந்துவிட்டால் சூட்டு முள் பொய்யாகக் கீழே இறங்கவும் செய்யும், அதைப் பார்த்துவிட்டு ஓட்டாதீர்கள். கைப்பம்பு சோதனை முடிந்ததும் பம்பின் முள் இறங்கியதா, எவ்வளவு நேரத்தில் இறங்கியது என்று எழுதுங்கள், மேற்கொண்டு பார்க்கலாம்.