அமெரிக்காவில் பத்துப் பன்னிரண்டு போலீஸ்காரர்கள் மட்டுமே உள்ள சிறு ஊர்கள், போலீஸ்காரர் சட்டையில் மாட்டும் பாடி கேமராவுக்குப் பணம் எப்படித் திரட்டுகின்றன? ஒரு கேமரா அவ்வளவு பெரிய விலையா?

இல்லினாய் மாநிலத்தில் ஒரு சிற்றூரின் நகர அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் போலீஸில் மொத்தம் பதினொரு பேர். 2025 ஜனவரி 1-க்குள் மாநிலத்தில் எல்லா ஊர் போலீஸும் பாடி கேமரா அணிந்தாக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதால், மானியத்துக்கு விண்ணப்பம் எழுதும் வேலை என் மேசைக்கு வந்து சேர்ந்தது. அதை வைத்துச் சொல்கிறேன்.

கேமராவின் விலை பெரிதே இல்லை. யானையை வாங்கிவிடலாம், தினமும் தீனி போடுவதுதான் கஷ்டம். இங்கே தீனி என்பது வீடியோ. எங்கள் சட்டப்படி எந்தப் பதிவையும் 90 நாள் வைத்திருக்க வேண்டும். கைது, புகார், பலப்பிரயோகம் என்று ஏதாவது இருந்தால் குறைந்தது 2 ஆண்டு. அதை இணையம் வழியாகச் சேமித்து வைக்கும் கிளவுட் கட்டணம் வருஷா வருஷம் வரும். பெரும்பாலான மானியங்களோ ஒரே தடவைதான் வரும்.

அப்புறம் ஆள் செலவு. யாராவது வீடியோ கேட்டு, அதைக் கொடுத்தாக வேண்டும் என்றால், சம்பந்தமில்லாதவர்களின் அடையாளத்தை முதலில் மறைக்க வேண்டும். ஒருநாள் எங்கள் ஆவணப் பிரிவு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வேலையைப் பார்த்தேன். ஒரு வீட்டுச் சமையலறையில் குடும்பத் தகராறு, வீடியோ பன்னிரண்டே நிமிடம். நாற்காலிக்குப் பின்னாலிருந்து ஒரு குழந்தை எட்டி எட்டிப் பார்க்கிறது. போலீஸ்காரர் திரும்பும்போதெல்லாம் குழந்தையின் முகத்தின் மேல் போட்ட மங்கல் வட்டம் நழுவிவிடும். நிறுத்தி, பின்னால் போய், மறுபடி இழுத்துப் பொருத்த வேண்டும். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த பள்ளிக் காகிதத்தில் குழந்தையின் பெயர் தெரிந்தது. அதையும் மறைத்தார். காலையில் தொடங்கியவர் வீட்டுக்குப் போகும் நேரம் வரை அந்த ஒரு வீடியோவில்தான் இருந்தார்.

சரி, பணம் எங்கே கிடைக்கும்? 2014-இல் மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசனில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸால் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 2015-இல் மத்திய அரசின் நீதித்துறை பாடி கேமராவுக்கென்று ஒரு மானியத் திட்டம் தொடங்கியது. பெரிய ஊர்களில் மானியம் எழுதவே தனி ஆள் இருப்பார். எங்களைப் போன்ற ஊர்களுக்கு அது எட்டாது. சிறிய, கிராமப்புற, பழங்குடி காவல் பிரிவுகளுக்காகப் பின்னர் வந்த குறுமானியத் திட்டம்தான் நமக்கானது. நான் விண்ணப்பம் எழுதியபோது, முழுநேரக் காவலர்கள் 50 பேர் அல்லது அதற்குக் கீழ் இருந்தால் விண்ணப்பிக்க முடிந்தது; ஒரு கேமராவுக்கு 2,000 டாலர் வரை தந்தார்கள். நம் பங்காகவும் அதே அளவு போடச் சொன்னார்கள். ரொக்கமாகத்தான் போட வேண்டும் என்பதில்லை, பயிற்சிக்குச் செலவான சம்பள நேரத்தைக்கூடக் கணக்கில் காட்டலாம். இது தெரியாமலே பல ஊர்கள் ஒதுங்கிவிடுவதுதான் எனக்கு வருத்தம். இது போக எங்கள் மாநிலத்திலேயே கேமரா மானிய நிதி ஒன்று இருக்கிறது. சில இடங்களில் நகராட்சிகளின் காப்பீட்டுக் கூட்டமைப்பும் கொஞ்சம் உதவும், கேட்டுப் பாருங்கள்.

இனாமாக வருவதில் மட்டும் கவனம் தேவை. மின்னதிர்ச்சித் துப்பாக்கியும் பாடி கேமராவும் தயாரிக்கும் டேசர் நிறுவனம் 2017-இல் ஆக்ஸான் என்று பெயர் மாற்றியபோது, நாட்டிலுள்ள எல்லாப் போலீஸுக்கும் கேமராவும் ஓராண்டுச் சேமிப்பும் இலவசம் என்றது. இப்படி ஏதாவது உங்கள் ஊருக்கு வந்தால், கவுன்சிலில் முதலில் கேட்க வேண்டியது இரண்டாம் ஆண்டுக் கணக்கு.

கணக்குப் பார்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலமே சாட்சி. இந்தியானாவில் ஓஹயோ ஆற்றங்கரை ஊரான கிளார்க்ஸ்வில்லில் கேமரா ஏற்கனவே பயன்பாட்டில் இருந்தது. 2016 ஜூலையில், உள்ளூர்ப் போலீஸ் பதிவுகளை 190 நாள் வைத்திருக்க வேண்டும் என்ற புதுச் சட்டம் வந்தது. சேமிப்புச் செலவு தாங்காது என்று அந்த ஊர் கேமராவையே கழற்றி வைத்துவிட்டது. தென் கரோலினாவில் வேறு மாதிரி. வால்டர் ஸ்காட் என்ற கறுப்பினத்தவரைப் போலீஸ்காரர் ஒருவர் சுட்டுக் கொன்ற பிறகு 2015-இலேயே எல்லாப் போலீஸுக்கும் பாடி கேமரா என்று சட்டம் போட்டார்கள், ஆனால் முழு நிதி வந்தால்தான் கட்டாயம் என்று அதிலேயே எழுதியும் வைத்தார்கள். சட்டம் போட்டவர்கள் பணத்தையும் சேர்த்துப் போடாவிட்டால், நடுத்தெருவில் போலீஸ் தடுத்து நிறுத்தியவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அதனால் நான் ஐந்தாண்டுக்கான கணக்கைத்தான் கவுன்சிலில் வைத்தேன். கணக்குத் தாளில் கேமராவுக்கு ஒரே வரி, கிளவுட்டுக்கு ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து வரி, ஆள் செலவுக்கும் அப்படியே ஐந்து வரி. முதல் வரிக்கு மானியம் வந்தது. ஆவணப் பிரிவில் வாரம் இருபது மணி நேரத்துக்கு இன்னொருவரை வைக்க எந்த மானியமும் கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் ரோட்டுக்கு உப்புப் போடும் லாரியை மாற்ற ஒதுக்கியிருந்த பணத்தைத்தான் கடைசியில் அதற்குத் திருப்பினோம். பழைய லாரியே இந்த வருஷமும் ஓடுகிறது.