நீர் வற்றும்போது அதன் பொருண்மை எங்கே போகிறது?

தட்டில் ஊற்றிய நீர் வற்றியபின் தராசு குறைவாகக் காட்டுகிறதே, அப்படியானால் பொருண்மை அழியாது என்னும் விதி பொய்யா என்று சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு மாணவர் கேட்டிருக்கிறார். விதி பொய்யன்று, தட்டை மட்டும் நிறுத்துவிட்டு, நீர் போய்ச் சேர்ந்த காற்றைக் கணக்கில் சேர்க்காததே குறை.

நம் தோட்டப்புறத்து ரப்பர் ஷீட்டையே பாருங்கள். உருளையில் அழுத்தி எடுத்ததும் வெள்ளையாக ஈரம் சொட்டும் ஷீட், புகையறையில் சில நாள் தொங்கியபின் தேன் நிறம் கொண்டு, எடையும் குறைந்துவிடுகிறது. சொட்டியது போக மீதி நீர் ஆவியாகக் காற்றில்தான் இருக்கிறது. மூலக்கூறுகள் அழிவதில்லை, விலகிப் போகின்றன: இயல்பான காற்றழுத்தத்தில், 100 பாகை செல்சியசில், 1 கிராம் நீராவி ஏறத்தாழ 1,670 கன சென்டிமீட்டர் இடத்தை நிரப்பினாலும் அது 1 கிராமே.

ஆகவே, மூடிய கலத்தில்தான் இதைச் சோதிக்க வேண்டும். பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே, 1768-69இல், அடைத்த கண்ணாடிக் கலத்தில் நீரை 101 நாள் சூடாக்கினார். நீர் ஆவியாகி மேலேறுவதும் குளிர்ந்து வழிவதுமாக இருந்தும் கலத்தின் மொத்த எடை மாறவில்லை. உள்ளே தோன்றிய வண்டல் நீரிலிருந்து பிறந்ததன்று, கண்ணாடியிலிருந்து வந்தது என்பதையும் அவர் நிறுத்தே கண்டறிந்தார். அந்தப் பொறுமை என்னை இன்றும் வியக்க வைக்கிறது.