ஓமந்தை தாண்டியாச்சோ?

வணக்கம் அக்கா,

எனக்கு 28 வயது. ஊர் புதுக்குடியிருப்பு, வேலை வவுனியாவில். சனி, ஞாயிறு வீட்டில் நின்றுவிட்டுத் திங்கள் விடிய பஸ் ஏறுவேன். வழி முழுக்க அம்மா கோல் எடுப்பார். "ஒட்டுசுட்டான் வந்திட்டியோ? மாங்குளம்? ஓமந்தை தாண்டியாச்சோ?" வேலையிடத்திலும் இதே கதைதான். நான் எடுக்காவிட்டால் கூட வேலை செய்பவர்களுக்கு எடுப்பார். போன மாதம் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன். மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. 2009 மே மாதம் போர் முடிந்தபோது ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஆமிக்காரர் அண்ணாவைப் பதிவுக்கென்று கூட்டிப் போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. அவனுடைய சேட்டை அம்மா இன்னமும் தோய்த்து மடித்து வைக்கிறார். அம்மாவுக்கு மனநோயோ, அல்லது நான்தான் கல்நெஞ்சனோ?

அன்புள்ள தம்பி,

கடிதத்தில் ஓமந்தையை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று அம்மாவின் கோலில், மற்றது அண்ணாவின் கதையில். இரண்டையும் சேர்த்து வாசித்துப் பார்த்தீர்களோ தெரியாது. ஒரு பிள்ளையை அம்மா கடைசியாகக் கண்ட இடத்தால்தான் மற்றப் பிள்ளை திங்களுக்குத் திங்கள் பஸ்ஸில் போகிறான். கோல் எடுக்காமல் எப்படி இருப்பார்?

செத்தவீடு நடந்தால் காடாத்து, எட்டு, அந்தியேட்டி என்று அழுவதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. ஊர் வந்து கூட இருக்கும். உங்கள் வீட்டில் எதுவும் நடக்கவில்லை. நடத்தினால் பிள்ளை செத்துவிட்டான் என்று தாயே சொன்ன மாதிரி. வியட்நாம் போரில் காணாமல்போன அமெரிக்கப் படையினரின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்த போலின் பாஸ் என்ற குடும்பநல ஆய்வாளர், இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயர் வைத்தார். கோளாறு ஆளுக்குள்ளே இல்லை, பதில் கிடைக்காத அந்த நிலைமையில் இருக்கிறது என்பது அவருடைய கட்சி. அதனால் மனநோய் என்று பெயர் வைக்க நான் அவசரப்பட மாட்டேன். "அவன் இல்லை, ஏற்றுக்கொள்ளுங்கோ" என்று அம்மாவிடம் வாதாடவும் வேண்டாம். வரலாம், வராமலும் போகலாம் என்ற இரண்டையும் அவர் ஒரே மனதில் வைத்துக்கொண்டு சோறு சமைக்கிறார். சேட்டு மடிக்கட்டும், விடுங்கோ.

இனி உங்கள் பக்கம். கல்நெஞ்சன் என்று நீங்களே உங்களுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள். அண்ணா போனபோது உங்களுக்குப் பதினொரு வயது இருந்திருக்கும். அன்றிலிருந்து வராதவனைப் பார்த்திருக்கும் வீட்டில், வந்து நிற்கும் பிள்ளையாக வளர்ந்திருக்கிறீர்கள். கோபம் வரத்தான் செய்யும். அது அம்மா மேலே என்று நினைக்கிறீர்கள். அண்ணா மேலும் கொஞ்சம் இருக்கும், வெளியே சொல்ல முடியாத கோபம். (எங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வெற்றுக் கதிரை இருந்தது. அதில் இருந்ததற்காக நான் அடி வாங்கியிருக்கிறேன்.)

சரி, கோலுக்கு வருவோம். ஒன்பது தரம் வெட்டிவிட்டுப் பத்தாம் தரம் எடுப்பீர்கள், என்ன? அப்போது பத்துத் தரம் அடித்தால் பிள்ளை எடுப்பான் என்று அம்மாவைப் பழக்குகிறீர்கள். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் ஒரு பழக்கத்தை விடாமல் பிடித்துவைக்கும் என்று ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் புறாக்களை வைத்தே காட்டினார். அம்மாவைப் புறாவோடு ஒப்பிடுகிறேன் என்று கோபிக்காதீர்கள், லொத்தர் வாங்கும் நாங்களும் அதே சாதிதான். அவருக்கு வேண்டியது பதில். அது கேட்கமுதலே வந்துவிட்டால் அடிக்கடி கேட்கும் தேவை குறையும். நாளுக்கு இரண்டு நேரம் குறித்து, அந்த நேரத்துக்கு நீங்களே எடுங்கள். மற்ற நேரம் எடுக்க மாட்டேன் என்பதையும் கோபம் இல்லாத ஒரு நாளில், தேத்தண்ணி குடிக்கும்போது சொல்லிவையுங்கள். முதல் கிழமை கோல் கூடத்தான் செய்யும். தளர்ந்து பத்தாவதை எடுத்தீர்களோ, பழையபடிதான்.

அம்மாவுக்கு நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். உங்களுக்கே கதைக்க ஆள் வேண்டுமென்றால் 1926 தேசிய மனநல உதவி இலக்கம்.

வருகிற திங்கள் புளியங்குளம் கழிந்ததும் ஃபோனைக் கையில் எடுங்கள். ஓமந்தையில் வைத்து நீங்களே அம்மாவுக்கு எடுத்து, "அம்மா, தாண்டிட்டன்" என்று சொல்லுங்கோ. அவர் என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா