ஊசி போட்ட பிள்ளையிடமிருந்தும் கக்குவான் பரவுமா?

கேள்வி: பக்கத்துக் காம்பராவில் ஒன்பது வயதுப் பையனுக்குக் கக்குவான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவனுக்கு எல்லா ஊசியும் போட்டாச்சு, கார்டில் இருக்கிறது. என் மகளின் குழந்தைக்கு இன்னும் இரண்டு மாதம் ஆகவில்லை. போட்டும் வருகிறது, பரவுகிறது என்றால் எதற்கு இந்த ஊசி?
– ஒரு பாட்டி, பொகவந்தலாவை

பதில்: அம்மா, முதலில் குழந்தையைப் பார்ப்போம். இவ்வளவு சின்னப் பிள்ளைக்குக் கக்குவான் வந்தால் பெரிய பிள்ளைகள் மாதிரி 'கூ' என்று இழுத்து இருமாது, சில சமயம் இருமலே இருக்காது, பால் குடிக்கும்போதே மூச்சு நின்று உதடு நீலம் பாரித்துவிடும். ஒரு தடவை அப்படிக் கண்டாலும் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பக்கத்தில் நோய் இருப்பதை இன்றைக்கே மிட்வைஃபிடம் சொல்லுங்கள், உங்கள் வீட்டாருக்கு முன்கூட்டியே அன்டிபயோடிக் வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்வார்.

சரி, ஊசிக்கு வருவோம். இங்கே இலங்கையில் 2, 4, 6 மாதங்களில் கக்குவானும் சேர்த்து ஐந்து நோய்க்கான ஊசி, அப்புறம் 18 மாதத்தில் கக்குவானுக்கும் சேர்த்துப் போடும் முக்கூட்டு ஊசி. ஐந்து வயதில் போடுவதில் கக்குவானுக்கு மருந்து இல்லை. ஆக அந்தப் பையனுக்குக் கடைசியாகக் கிடைத்தது ஒன்றரை வயதில், அந்தக் காப்பு சில வருஷத்தில் தேய்ந்துவிடும், நோயே வந்து சுகமானாலும் ஆயுளுக்கும் காப்பு கிடையாது. அவன் மேல் குற்றமில்லை, ஊசி மேலும் இல்லை.

ஆனால் நீங்கள் கேட்டதில் ஒரு உண்மை இருக்கிறது. இந்த ஊசி போட்டவரைக் காப்பாற்றுகிற அளவுக்குப் பரவலைத் தடுப்பதில்லை. அமெரிக்காவில் பபூன் குரங்குகளை வைத்துப் பார்த்த ஆராய்ச்சி 2013இல் வெளிவந்தது: காய்ச்சல் குறைவாகத் தரும் புது வகை ஊசி போட்ட குரங்குகளுக்கு நோய் வரவில்லை, ஆனால் தொண்டையில் கிருமி வாரக்கணக்கில் தங்கி மற்றக் குரங்குக்கும் தொற்றியது. பழைய வகை போட்டவற்றில் கிருமி சீக்கிரம் போனது. நம் கிளினிக்கில் இலவசமாகக் கிடைப்பது அந்தப் பழைய வகைதான், அன்றிரவு பிள்ளைக்கு உடம்பு சுடும், தொடை வீங்கும், அதற்காக அடுத்த ஊசியை விட்டுவிடாதீர்கள்.

எனக்கு அதிகம் கவலை பெரியவர்களைப் பற்றித்தான். இரண்டு மூன்று வாரமாக இருமிக்கொண்டு, "பனிக்கு வந்தது, வெயில் வந்தால் போய்விடும்" என்று மலைக்குப் போய் வருகிறோம், வந்ததும் பிள்ளையைத் தூக்கி முத்தம் கொடுக்கிறோம். முதல் வாரத்தில் இது வெறும் தடிமன் மாதிரித்தான் இருக்கும், தொற்றுவதும் அப்போதே தொடங்கிவிடும். ஒரே காம்பராவில் ஆறு பேர் படுக்கும் லயத்தில் ஒதுங்கி இருங்கள் என்று சொல்வது லேசு, செய்வது கஷ்டம், தெரியும். ஆனாலும் இருமுகிறவர் குழந்தையைத் தூக்க வேண்டாம், தலைமாடு மாற்றிப் படுக்கட்டும், அந்தப் பையன் அன்டிபயோடிக் தொடங்கி ஐந்து நாள் முடியும்வரை உங்கள் வாசலுக்கு வர வேண்டாம்.

இரண்டு மாதம் முடிந்ததும் வருகிற முதல் கிளினிக்குக்கே குழந்தையைக் கொண்டு போகச் சொல்லுங்கள், மகளுக்கு ஒரு நாள் பேர், அதாவது அன்றைய சம்பளம், போனாலும் பரவாயில்லை.