குறைந்தபட்சக் கூலியை உயர்த்தினால் ஏழைக்குத்தான் வேலை போகுமா?

அரசு கூலியை உயர்த்தினால் சிறு முதலாளிகள் ஆளைக் குறைத்துவிடுவார்கள், கடைசியில் ஏழைக்குத்தான் நஷ்டம் என்கிறார்களே, உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பண்ருட்டிப் பக்கத்துக்காரன். அம்மா பதினெட்டு வருஷம் முந்திரிக்கொட்டை உடைத்தார். நான் இப்போது கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஆறு பேரை வைத்து மெஸ் நடத்துகிறேன். கூலி வாங்கியும் பார்த்த வீடு, கொடுத்தும் பார்க்கிற வீடு.

என்னைக் கேட்டால், வேலை செய்பவருக்கு வேறு போக்கிடம் இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் முந்திரி உடைக்கும் கொட்டகை ஒன்றுதான். கொட்டை ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைப்பார்கள். அப்படியும் அம்மாவின் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் எப்போதும் கறுத்து உரிந்தே கிடக்கும். சோறு பிசையும்போது அந்த இரண்டு விரலையும் மடக்கிக்கொள்வார். இன்றைக்கும் ரேஷன் கடையில் அவருக்குக் கைரேகை சரியாக விழாது. உடைத்தெடுத்த முந்திரிப் பருப்பை எங்கள் பக்கம் பயறு என்போம். சாயங்காலம் அந்தப் பயறை நிறுத்துக் கிலோ கணக்கில் கூலி. உடைந்த பயறுக்குக் குறைத்துப் போடுவார்கள். கட்டுப்படியாகாவிட்டால் எங்கே போவது? பக்கத்து ஊர் கொட்டகைக்குப் போக பஸ் காசும் நேரமும் யார் கொடுப்பார்கள்? முதலாளி சொன்னதுதான் கூலி.

2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலை நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியது. கடலூரும் அதில் ஒன்று. தமிழ்நாட்டில் நாளுக்கு 80 ரூபாய், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்றார்கள். மண் வெட்டிய அளவைப் பார்த்து அது குறைந்து வந்த நாட்களும் உண்டு. ஆனாலும் கொட்டகைப் பெண்களில் பாதிப்பேர் ஏரி வேலைக்குப் போய்விட்டார்கள். கொஞ்ச நாளில் முதலாளியே எங்கள் தெருவுக்கு வந்து, “கிலோவுக்குக் கூட்டித் தரேன், வாங்கம்மா” என்று கூப்பிட்டார். நான் வாசல் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கூட்டியும் கொடுத்தார். கொட்டகையை யாரும் இழுத்து மூடவில்லை. அதுவரை அந்தக் காசு அவர் கையில் இருந்துதான் இருக்கிறது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வருஷக்கணக்காக இருந்தும் கூட்டாத கூலியை, போக இன்னொரு இடம் வந்ததும் கூட்டினார்.

அம்மாவுக்குக் கூடுதலாக வந்த காசு முதலில் மளிகைக் கடைப் பாக்கிக்குப் போனது, பிறகு தம்பியின் செருப்புக்கு. கூலிக்காரர் கையில் சேரும் காசு ஊர்க் கடையில்தான் செலவாகிறது. கூலி உயர்ந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்பவர்கள் இந்தப் பக்கத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இதை அமெரிக்காவில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1992-ல் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச மணிக்கூலியை 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்துப் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. டேவிட் கார்டு, ஆலன் குரூகர் என்ற பொருளாதார அறிஞர்கள் இருவரும் எல்லைக்கு இரு பக்கமும் 410 துரித உணவுக் கடைகளை ஒப்பிட்டார்கள். நியூ ஜெர்சியில் வேலை குறைந்ததாகத் தெரியவில்லை. கார்டுக்கு 2021-ல் நோபல் பரிசு கிடைத்தது.

என் மெஸ் கதையும் இதே மாதிரிதான். பரோட்டா மாஸ்டர் புதுச்சேரி ஓட்டல் ஒன்றில் நாளுக்கு 150 ரூபாய் கூட என்று போய்விட்டார். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம், அவரைக் குறை சொல்ல முடியாது. எட்டு மாதத்தில் மூன்று மாஸ்டர் மாறினார்கள். ஒருவர் கையில் மாவு இழுபடாது, இன்னொருவர் சால்னாவில் உப்பு ஏறிவிடும். வாடிக்கையாகச் சாப்பிட வந்தவர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். அப்படிப் போன பணத்தைக் கூட்டிப் பார்த்தேன், 150 ரூபாயைவிட அதிகம். எல்லோருக்கும் கூலியைக் கூட்டி, சாப்பாட்டில் பத்து ரூபாய் ஏற்றினேன். யாரையும் நிறுத்தவில்லை. நான் மட்டும் விலையை ஏற்றும்போது பயமாகத்தான் இருந்தது. சட்டப்படி தெரு முழுக்க ஒரே நாளில் கூலி கூடினால், குறைத்து விற்று என்னை முந்த யாராலும் முடியாது. சிறு முதலாளிக்கு அதில் பாதுகாப்பும் இருக்கிறது.

பாதிப்பே வராது என்று சொல்ல மாட்டேன். சில வருஷம் கழித்து எங்கள் ஊர்க் கொட்டகைக்கு உடைக்கும் மிஷின் வந்தது. கூலி உயர்ந்தது அதற்கு ஒரு காரணம்தான். இளம் பெண்கள் மிஷினில் நின்றார்கள். அம்மா வயதுக்காரர்களில் சிலரைத் திரும்பக் கூப்பிடவே இல்லை. இரண்டு அத்தைகள் இன்றும் வீட்டிலேயே பயறுக்குத் தோல் எடுத்துக் கொடுக்கிறார்கள், அதற்குக் கிடைப்பது சொற்பம். கூலியை ஒரே தாவலில் ஏற்றாமல் வருஷா வருஷம் விலைவாசியோடு ஏற்றுவதும், வயதானவர்களுக்கு ஓய்வூதியம் ஒழுங்காகக் கிடைப்பதும் அதனால்தான் முக்கியம்.

கிலோ கணக்கு வேலையில் அரசின் குறைந்தபட்ச நாள் கூலி அறிவிப்பு எளிதாகக் காணாமல் போகும். எட்டு மணி நேரத்தில் யாராலும் உடைக்க முடியாத அளவை வைத்துவிட்டால் போதும். இப்படி நடக்கக் கூடாது என்று 1948 குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் 17-வது பிரிவே சொல்லியிருக்கிறது: கிலோவுக்கு இவ்வளவு என்பது போன்ற துண்டு வேலைக்குத் தனிக் கூலி நிர்ணயிக்காத இடத்தில் நேரக் கணக்குக் கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். அதன் இடத்துக்கு வந்த 2019 ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இது இருக்கிறது. உங்கள் வீட்டில் யாராவது கிலோ கணக்கில் வேலை பார்த்தால், ஒரு வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்கள், எவ்வளவு வாங்கினார்கள் என்று காலண்டரில் எழுதிவையுங்கள். தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் புகார் கொடுக்கும்போது அந்தத் தாள் உதவும். அம்மா காலத்தில் இதைச் சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை.