ஒரு நகரத்தின் குப்பைத் தொழில் எவ்வளவு உற்பத்தி செய்கிறது என்று எப்படிக் கணக்கிடுவது?

ஒரு நகரத்தின் கழிவு மேலாண்மைத் துறை ஆண்டுக்கு எவ்வளவு பொருளாதார உற்பத்தி தருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். உள்ளாட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் வேலையில் சில வருடங்கள் இருந்திருக்கிறேன். எண் கிடைக்கும். ஆனால் அது எதைச் சொல்கிறது என்று தெரியாமல் எடுத்துக்கொண்டால் தப்பான முடிவுக்குத்தான் போவோம்.

வீடு வீடாகக் குப்பை எடுக்கும் வேலை பெரும்பாலும் வரிப்பணத்தில் நடக்கிறது. சந்தை விலை என்று ஒன்று அதற்குக் கிடையாது. இப்படிப்பட்ட சேவைக்கு ஐ.நா.வின் தேசியக் கணக்கு முறை, 2008-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, ஆன செலவையே உற்பத்தி மதிப்பாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. சம்பளம், டீசல், உதிரி பாகம், லாரியின் தேய்மானம் எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். அதில் டீசல் போல வெளியே வாங்கியதைக் கழித்தால் மிஞ்சுவது மதிப்புக்கூட்டல். நகரத்தின் மொத்த உற்பத்தியில் சேருவது இந்தப் பகுதிதான். தெரு சுத்தமானதா என்ற கேள்விக்கே இதில் இடமில்லை.

ஒப்பந்தக்காரரிடம் வேலையை விட்டால் வேறு சிக்கல். எடை மேடையில் நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும். லாரி நிறைந்து உள்ளே வரும்போது ஒரு எடை, கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஒரு எடை, வித்தியாசத்துக்குப் பில். மழை நாளில் அதே குப்பை தண்ணீரைக் குடித்துக் கனமாக வரும்; பில்லும் ஏறும். ஒரு முறை நான் பதிவேட்டைப் புரட்டியபோது மழை மாதங்களில் மட்டும் டன் கணக்கு எகிறியிருந்தது. யாரும் திருடவில்லை, ஈரத்துக்குப் பணம் போயிருந்தது. கணக்கில் அதற்கும் உற்பத்தி உயர்வு என்றே பெயர். மக்கள் ஈரக்குப்பையைப் பிரித்து வீட்டிலேயே உரமாக்கினால் டன் குறையும், துறையின் உற்பத்தியும் குறைந்ததாகக் காட்டும்.

அப்புறம் மறுசுழற்சி. ஒரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். பொறுக்குபவர் காயலான் கடைக்கு விற்கிறார், கடைக்காரர் மொத்த வியாபாரிக்கு, அவர் அரவை ஆலைக்கு. ஆலையில் நொறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டால் பாட்டிலின் உடல் துண்டுகள் மூழ்கும், மூடித் துண்டுகள் மிதக்கும்; இரண்டும் வேறு வேறு பிளாஸ்டிக். இந்த நான்கு கைகளின் விற்பனையையும் அப்படியே கூட்டினால் ஒரே பாட்டிலைத் திரும்பத் திரும்ப எண்ணியதாகிவிடும். அதனால் ஒவ்வொரு கையிலும் கூடிய மதிப்பை மட்டும்தான் எடுக்க வேண்டும். அதிலும் சர்வதேசத் தொழில் வகைப்பாட்டில் பழைய பொருளை வாங்கி விற்பது வணிகம் என்ற தலைப்பில் போய்விடும். அரைத்துத் துகளாக்குவது கழிவுத் துறையில் வரும். அந்தத் துகளில் வாளி செய்தால் அது உற்பத்தித் தொழில். ஆகவே 'கழிவுத் துறை' என்ற தலைப்பை மட்டும் பார்த்தால் பாதி வேலை கண்ணில் படாது.

விலையும் நகரத்தின் கையில் இல்லை. 2018-இல் சீனா வெளிநாட்டுப் பழைய பிளாஸ்டிக்கையும் தரம் பிரிக்காத பழைய காகிதத்தையும் வாங்குவதை நிறுத்தியதும் பல நாடுகளில் பழைய காகித விலை சரிந்தது. அதே ஆட்கள் அதே வேலையைச் செய்தும் உற்பத்தி மதிப்பு விழுந்தது.

என்னை மிகவும் உறுத்துவது பொறுக்குபவர்கள் விஷயம். உலகில் 1.5 கோடிக்கும் மேற்பட்டோர் இந்த வேலையில் முறைசாராமல் பிழைக்கிறார்கள் என்று உலக வங்கியின் 2018 அறிக்கை சொல்கிறது. அவர்கள் எடுத்துப்போகும் ஒவ்வொரு கிலோவும் லாரியில் ஏறாது, கிடங்கில் இடம் பிடிக்காது. அந்த மிச்சத்தை நகரம் அனுபவிக்கிறது, அவர்கள் பெயரில் ஒரு வரிகூட எழுதுவதில்லை. இது அநியாயம் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மூன்று கணக்குகளைத் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள்: உள்ளாட்சியின் கழிவுச் செலவு, எடை மேடைப் பதிவேடு, அரவை ஆலைகளின் கொள்முதல் விற்பனை. நான்காவதான பொறுக்குபவர்கள் கணக்கை யாரும் தர மாட்டார்கள். அதற்குக் காலையில் காயலான் கடை வாசலில் நின்று, ஒருவர் ஒரு நாளில் எத்தனை கிலோ கொண்டுவருகிறார், எவ்வளவு பணம் வாங்கிப்போகிறார் என்று நீங்களே எழுதிக்கொள்ள வேண்டும்.